சாகப்போகும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி இது: ஆறு வருடப் பழைய லேப்டாப், உள்ளே 1 டெராபைட் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் திறக்க இருபது நிமிடம் ஆகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. டி டிரைவில் குடும்பப் புகைப்படங்களும் கடையின் டேலி கணக்கும் இருக்கின்றன, பேக்கப் இல்லை. சில ஃபோல்டர்கள் திறக்கின்றன, சிலவற்றைத் தொட்டால் எக்ஸ்ப்ளோரரே உறைந்துபோகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சளில் எச்சரிக்கை காட்டுகிறது. செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். ஓட்டலாமா?

வேண்டாம். லேப்டாப்பை இப்போதே ஷட்டவுன் செய்யுங்கள். ஷட்டவுனும் தொங்கினால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

செக்டிஸ்க், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை நேர்செய்கிற கருவி. உங்கள் புகைப்படம் பிழைத்ததா என்பது அதற்குக் கவலையில்லை. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸின் உள் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தால் போதும். ஒரு ஃபோல்டரின் பதிவைப் படிக்க முடியாவிட்டால் அதை வெட்டிவிட்டு, அதற்குக் கீழே இருந்தவற்றை ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகக் குவித்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். ஸ்லாஷ் ஆர் சேர்த்து ஓட்டினால் காலியிடம் உட்பட மொத்த டிஸ்க்கையும் கடைசி செக்டார் (டேட்டா பதியும் மிகச் சிறிய கட்டம்) வரை படித்துப் பார்க்கும். ஏற்கெனவே தள்ளாடுகிற டிஸ்க்குக்குப் பல மணி நேர வேலை அது, அதன் முடிவில் உங்கள் கையில் ஒரு ஃபைல்கூட வந்திருக்காது. போதாக்குறைக்குத் திருத்தங்களை எல்லாம் அதே டிஸ்க்கிலேயே எழுதும்.

இந்த டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேரம் படிக்கும் தெம்பு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இருப்பதை ஒரே ஒரு வேலைக்குத்தான் செலவழிக்க வேண்டும்: செக்டார் செக்டாராக வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. தேடுவது, சரிசெய்வது, ஃபைல்களைப் பிரித்தெடுப்பது எல்லாம் அந்த நகலில். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர்களை இழுத்து இழுத்துக் காப்பி செய்வதும் இந்தக் கட்டத்தில் தவறுதான். படிக்க முடியாத பேட் செக்டாரில் இருக்கும் ஒரே ஒரு புகைப்படம் டிஸ்க்கை நிமிடக்கணக்கில் திணறவைக்கும், அதற்குள் நல்ல இடத்தில் இருக்கும் பத்தாயிரம் ஃபைல்கள் காத்துக்கொண்டிருக்கும்.

முதலில், டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் ஏற்கெனவே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திறந்திருப்பதால் எண்கள் உங்களிடம் இருக்கும். அதன் கடைசி நெடுவரிசை பதினாறடிமான எண்களில் வரும். ஃபங்ஷன் மெனுவில் ‘ரா வேல்யூஸ்’ என்ற இடத்தில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான்கு வரிகள்தான் முக்கியம். 05 என்பது ஏற்கெனவே ஒதுக்கிவைத்து, பதிலுக்கு உபரி இடம் கொடுத்தாகிவிட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. சி6 டிஸ்க் தன் சொந்தச் சோதனையில் கைவிட்டவை. சி7 இந்த மூன்றிலும் சேராது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் டேட்டா சிதைந்த எண்ணிக்கை அது, அதாவது கேபிளின் அல்லது கனெக்டரின் கோளாறு. சி5, சி6 பூஜ்ஜியமாக இருந்து சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். லேப்டாப் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கனெக்டரில் போட்டுப் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பழைய எண்ணிக்கை மட்டும் அழியாமல் அப்படியே நிற்கும், அது இயல்பு.

சி5 எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என்று எட்டின் மடங்காக இருந்தால் குழம்ப வேண்டாம். இன்றைய டிஸ்க்குகளில் உள்ளே ஒரு செக்டார் 4096 பைட், வெளியே 512 பைட் என்று எட்டாகப் பிரித்துக் காட்டுகிறது. எட்டு என்றால் நிஜத்தில் ஒரே ஒரு இடம். சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் வந்தாலும் பதற வேண்டாம். அவர்கள் இரண்டு கணக்குகளைச் சேர்த்து ஒரே எண்ணாக அடைத்துவைக்கிறார்கள்.

சி5 ஐம்பதா ஐயாயிரமா என்பதைவிட, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் உயிர்நாடி. நேற்று 40, இன்று 900 என்றால் டேட்டா பதியும் தட்டான பிளாட்டரின் பரப்பிலோ அதைப் படிக்கும் ஹெட்டிலோ பிரச்சினை பரவிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட டிஸ்க்கை வீட்டில் தொடாமல் டேட்டா மீட்கும் லேபுக்குக் கொண்டுபோவதே நல்லது, டேட்டா அவ்வளவு முக்கியம் என்றால்.

அடுத்து காது. டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்துப் பத்து விநாடி கேளுங்கள். சீராகச் சுழன்று, ஒன்றிரண்டு மெல்லிய டிக் சத்தத்துக்குப் பிறகு அமைதியானால் மேலே போகலாம். ஒரே தாளத்தில் டிக், டிக், டிக் என்று அடித்துவிட்டுச் சுழற்சி நின்றுபோனால் ஹெட் போய்விட்டது அல்லது டிஸ்க் தன் சொந்த நிரல் இருக்கும் பகுதியையே படிக்க முடியாமல் தவிக்கிறது. அந்த டிஸ்க்குக்கு இனி மின்சாரமே கொடுக்கக் கூடாது. சேதமடைந்த ஹெட் ஒவ்வொரு முறையும் பிளாட்டரின் காந்தப் பூச்சைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் இருந்ததை உலகத்தில் எந்த லேபும் திருப்பித் தர முடியாது. சுழலாமல் மெல்லிய பீப் சத்தம் மட்டும் வந்தால் ஹெட் பிளாட்டரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது மோட்டார் இறுகிவிட்டது. லேப்டாப் கீழே விழுந்த பிறகு வரும் வழக்கமான சத்தம் இதுதான்.

எந்தச் சத்தமும் இல்லை, சூடும் இல்லை என்றால் டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டைச் சந்தேகிக்கலாம். 12 வோல்ட் கேட்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. போர்டில் பவர் வரும் இடத்துக்குப் பக்கத்தில் டிவிஎஸ் டயோடு என்று ஒரு சின்னக் கறுப்புப் பாகம் இருக்கும். மிகை மின்னழுத்தம் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றவற்றைக் காப்பாற்றுவதே அதன் வேலை. மல்டிமீட்டரில் அது ஷார்ட் காட்டினால், வேலை தெரிந்த ஆள் அதை மட்டும் எடுத்துவிட்டு சரியான மின்னழுத்தம் கொடுத்தால், வேறெதுவும் எரியாத பட்சத்தில் டிஸ்க் ஓடும். ஓடுவது நகல் எடுக்க மட்டும். அதற்குப் பாதுகாப்பு எதுவும் மிச்சமில்லை.

இதே மாடல் போர்டு ஆன்லைனில் கிடைக்கிறதே, வாங்கி மாற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றினால் பெரும்பாலும் ஓடாது. போர்டில் இருக்கும் எட்டுக் கால் ரோம் சிப்பில் அந்த ஒரு டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கே உரிய அளவீடுகள் தொழிற்சாலையில் எழுதப்பட்டிருக்கும். சில மாடல்களில் அது பெரிய சிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பழைய ரோமைப் புதிய போர்டுக்கு மாற்றி ஒட்டாமல் போர்டை மட்டும் மாற்றினால், டிஸ்க் தட்டத் தொடங்கி இருந்த பிரச்சினையோடு புதிய பிரச்சினை சேரும்.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கும் பழைய வைத்தியத்தைச் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் பிளாட்டரில் ஈரம் படியும். ஹெட் பறக்கும் உயரம் சில நானோமீட்டர்தான், ஒரு நீர்த்திவலை அதற்குப் பாறை. மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடாது, ஒரு நிமிடம்கூட.

உங்கள் விஷயத்தில் சில ஃபோல்டர்கள் இன்னும் திறக்கின்றன, தட்டும் சத்தம் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனவே வீட்டிலேயே முயலலாம் என்ற கணக்கில் மேலே போகிறேன்.

தேவையானவை: நன்றாக ஓடும் இன்னொரு கணினி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பென்டிரைவ், இமேஜ் (டிஸ்க் முழுவதன் நகலான ஒரே ஃபைல்) வைக்க 2 டெராபைட் டிஸ்க். 1 டெராபைட் புதிய டிஸ்க் போதாது. இமேஜே 1 டெராபைட் எடுக்கும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் ஃபைல்களுக்கும் இடம் வேண்டுமல்லவா. புதிய டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபி தாண்டியதும் காப்பி நின்றுவிடும்.

பழைய டிஸ்க்கை லேப்டாப்பிலிருந்து கழற்றி, முடிந்தால் டெஸ்க்டாப் கணினியின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். யுஎஸ்பி அடாப்டர் இரண்டாம் பட்சம். விலை குறைந்த அடாப்டர்களின் சிப், டிஸ்க் ஒரு செக்டாரில் திணறும்போது பொறுமை இழந்து இணைப்பையே ரீசெட் செய்துவிடும். மின்சாரமும் ஒரு தலைவலி. 2.5 அங்குல டிஸ்க்கின் லேபிளைப் பாருங்கள், 5 வோல்ட், ஏறத்தாழ 1 ஆம்பியர் என்று இருக்கும். யுஎஸ்பி 2 போர்ட் முறைப்படி தருவது 0.5 ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 0.9. சுழலத் தொடங்கும் நேரத்தில் பற்றாக்குறை வந்தால் நல்ல டிஸ்க்கே தட்டும். தனி பவர் வரும் ஹப்போ, இரட்டை முனை கேபிளோ வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்ற பல மாடல்களில் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் போர்டில் இருக்கும் சிப் எல்லா டேட்டாவையும் என்கிரிப்ட் செய்து, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான் எழுதும். பெட்டியை உடைத்து வேறு வழியில் இணைத்தால் வெறும் குப்பை எண்களாகத் தெரியும். அந்த போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நிற்பவர்கள் நிறைய.

ஒரு சிறு மின்விசிறியை டிஸ்க் மேல் காற்று படும்படி வைத்துவிடுங்கள். பேட் செக்டாரோடு மல்லுக்கட்டும் டிஸ்க் சீக்கிரம் சூடாகும். 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 55ஐத் தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

விண்டோஸில் இந்த வேலையைத் தொடங்காததற்குக் காரணம் உண்டு. டிஸ்க்கை மாட்டியதும் விண்டோஸ் தானாகவே டிரைவ் எழுத்து கொடுக்கும், அட்டவணைகளைப் படிக்கும், முன்பு சரியாக மூடாததைக் கண்டு ஜர்னல் என்ற தன் பதிவேட்டில் எழுதும், சமயத்தில் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று வேறு கேட்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற, பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி பூட் செய்யுங்கள். நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ, தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. உபுண்டு லைவ் என்றால் இன்ஸ்டால் செய்ய வேண்டிய பேக்கேஜின் பெயர் முன்னால் ஜி சேர்த்து ‘ஜிடிடிரெஸ்க்யூ’. ஓட்டும்போது ஜி கிடையாது. இது குனூ டிடிரெஸ்க்யூ, அன்டோனியோ டயஸ் டயஸ் எழுதியது. ஏறத்தாழ இதே பெயரில், நடுவில் அடிக்கோடு போட்டு இன்னொரு புரோகிராமும் உண்டு. அதன் ஆப்ஷன்கள் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பூட் ஆனதும் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை, மைனஸ் ஓ சேர்த்து நேம், சைஸ், மாடல், சீரியல் என்று கேட்டு, டிஸ்க்குகளின் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் பாருங்கள். பழைய டிஸ்க்கின் ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண்ணோடு ஒத்துப் பார்த்து, லினக்ஸ் வைத்த பெயர்களில் எது எஸ்டிஏ, எது எஸ்டிபி என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த மொத்த வேலையில் டேட்டாவை ஒரே அடியில் அழிக்கக்கூடிய தவறு இங்கேதான் இருக்கிறது: மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் புகைப்படங்களின் மேல் காப்பி ஆகும். இமேஜை நேரடியாக இன்னொரு டிஸ்க்கின் மேல் எழுதாமல் ஒரு ஃபைலாக வைக்கச் சொல்வது இதனால்தான். ஃபைலாக என்றால் டிடிரெஸ்க்யூவுக்கு மைனஸ் எஃப் என்ற ‘கட்டாயப்படுத்து’ ஆப்ஷன் தேவையே இல்லை. அது கேட்டால் நீங்கள் எங்கோ தவறான பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். பழைய டிஸ்க்கின் எந்தப் பார்ட்டிஷனும் மவுன்ட் ஆகியிருக்கக் கூடாது, அதாவது லினக்ஸில் திறந்திருக்கக் கூடாது. ஆகியிருந்தால் முதலில் அன்மவுன்ட்.

முதல் சுற்றுக்கான கட்டளை நான்கு துண்டுகள்தான். டிடிரெஸ்க்யூ, மைனஸ் என். அடுத்து பழைய டிஸ்க்கின் பெயர். அடுத்து புதிய டிஸ்க்கில் இமேஜ் ஃபைலின் பெயர். கடைசியாக மேப் ஃபைலின் பெயர். பார்ட்டிஷனின் பெயரைக் கொடுக்காமல் முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள், கடைசியில் எண் இல்லாதது. மேப் ஃபைல் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். எந்த இடம் வந்தாயிற்று, எது தாண்டிப்போனது, எது படிக்க முடியாதது என்ற மொத்தக் கணக்கும் அந்தச் சின்ன டெக்ஸ்ட் ஃபைலில்தான் இருக்கிறது. அது இருந்தால் நடுவில் கரண்ட் போனாலும், கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். மேப் ஃபைலை லைவ் லினக்ஸின் தற்காலிக இடத்தில் வைத்துவிடாமல் இமேஜ் பக்கத்திலேயே வையுங்கள். லைவ் லினக்ஸை ரீபூட் செய்தால் தற்காலிக இடம் மறைந்துவிடும்.

மைனஸ் என் என்பது ‘சுரண்டாதே’ என்று சொல்வது. டிடிரெஸ்க்யூ சுலபமாக வருவதையெல்லாம் முதலில் அள்ளும். சிக்கலான இடம் வந்தால் அங்கே நின்று போராடாமல் தாண்டிக் குதிக்கும், அடுத்த நடையில் எதிர்த் திசையிலிருந்து வந்து தாண்டியதன் ஓரங்களை நெருங்கும். ஒவ்வொரு செக்டாராகத் தட்டிப் பார்க்கும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறோம். சாதாரண காப்பி புரோகிராம்கள் இதைத் தலைகீழாகச் செய்து, முதல் பேட் செக்டாரிலேயே டிஸ்க்கைக் கொன்றுவிடுகின்றன.

ஓடும்போது திரையில் பார்க்க வேண்டியது நடப்பு வேகமும், கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்ற வரியும். நல்ல பகுதியில் விநாடிக்கு 80 முதல் 120 மெகாபைட் வரும். 80 என்று வைத்தால் 1 டெராபைட்டுக்கு மூன்றரை மணி நேரம். உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் பாதியாகக் குறைவது இயல்பு. ஆரம்பத்திலிருந்தே 1 மெகாபைட்டில் ஊர்ந்தால் பதினொன்றரை நாள் கணக்கு வருகிறது, அவ்வளவு நாள் இந்த டிஸ்க் தாங்காது. பேட் செக்டார் எண்ணிக்கை குறைவாக இருந்தும் எல்லா இடத்திலும் ஒரே சீராக மெதுவாக இருந்தால் பரப்பில் பழுதில்லை, டிஸ்க்கின் உள் நிரலான ஃபர்ம்வேர் தன் பிழைப் பட்டியலோடு மல்லுக்கட்டுகிறது. லேபில் பிசி-3000 போன்ற கருவியால் அந்தப் பின்னணி வேலைகளை நிறுத்திவிட்டால் அதே டிஸ்க் முழு வேகத்தில் வரும். வீட்டில் அதற்கு வழி இல்லை.

அடிக்கடி நடப்பது வேறொன்று. திடீரென்று வாசிப்புப் பிழைகளின் எண்ணிக்கை வெறித்தனமாக ஏறும், மீதி இருக்கும் நூற்றுக்கணக்கான ஜிபியும் சில நிமிடங்களில் ‘பிழை’ ஆகிவிடும். அவ்வளவும் கெட்டுப்போய்விடவில்லை. டிஸ்க் உறைந்துவிட்டது, கேட்டதற்கெல்லாம் லினக்ஸ் உடனே ‘முடியாது’ என்கிறது. கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தி, டிஸ்க்கின் மின்சாரத்தைத் துண்டித்து, அரை மணி ஆறவிட்டு, மறுபடி மாட்டுங்கள். மறுபடி வரும்போது எஸ்டிபியாக இருந்தது எஸ்டிசியாக மாறியிருக்கலாம், எல்எஸ்பிஎல்கே பார்க்காமல் கட்டளையைத் திருப்பி அடிக்காதீர்கள். பிறகு மைனஸ் பெரிய ஏ சேர்த்து ஓட்டினால் பாதியில் விட்டதெல்லாம் ‘இன்னும் தொடாதது’ என்று மாறி மறுபடி முயலும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி உறைந்தால் மைனஸ் பெரிய ஆர் கொடுத்துக் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி வரச் சொல்லுங்கள். அந்தப் பொல்லாத இடத்துக்கு அப்பால் இருப்பதாவது கைக்கு வரும்.

முதல் சுற்று முடிந்ததும் மேப் ஃபைலை டிடிரெஸ்க்யூவியூ என்ற புரோகிராமில் திறந்து பாருங்கள், டிஸ்க் முழுவதும் கட்டம் கட்டமாக நிறத்தில் தெரியும். சிவப்பு அங்கங்கே புள்ளியாக இருந்தால் பரப்பில் சில இடங்கள்தான் சேதம், உங்களுக்கு நல்ல காலம். சம இடைவெளியில் வரிவரியாகப் பட்டை வந்தால் ஒரு ஹெட் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். டிஸ்க் டேட்டாவை ஒரு ஹெட்டில் கொஞ்சம், அடுத்த ஹெட்டில் கொஞ்சம் என்று மாறி மாறித்தான் எழுதுகிறது, அந்த மாற்றம்தான் பட்டையாகத் தெரிகிறது. பட்டை தெரிந்தால் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். வந்தது வந்த வரை பத்திரம். மீதி தேவையென்றால் லேப். பலவீனமான ஹெட்டை மூன்று நாள் சுரண்டவிட்டால் இப்போது மாற்றிப் பிழைக்கவைக்கக்கூடிய டிஸ்க் அப்போது பிழைக்காது.

புள்ளிகள் மட்டும் என்றால் இரண்டாம் சுற்று: மைனஸ் என் ஆப்ஷனை எடுத்துவிட்டு, மைனஸ் டி, மைனஸ் ஆர்3 சேர்த்து, அதே டிஸ்க், அதே இமேஜ், அதே மேப். மைனஸ் டி லினக்ஸின் இடைநிலைச் சேமிப்பைத் தாண்டி நேரடியாகப் படிக்கச் சொல்கிறது, ஆர்3 பிடிவாதமான செக்டார்களை மூன்று தடவை முயலச் சொல்கிறது. முப்பது தடவை என்று கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்றில் வராதது முப்பதில் வருவது அபூர்வம். 99.99 சதவீதம் வந்துவிட்டால் 1 டெராபைட்டில் மிச்சம் 100 மெகாபைட். அதில் ஒரு பகுதி காலியிடமாகவோ விண்டோஸின் சொந்த ஃபைலாகவோ இருக்கலாம். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

டிஸ்க் ரொம்ப மோசம், முழுவதும் எடுக்க நேரம் கிடைக்காது என்று தோன்றினால் எதை முதலில் எடுப்பது? ஃபைல்களின் பெயர், அளவு, இருப்பிடம் எல்லாம் இருக்கும் அட்டவணையை, அதாவது எம்எஃப்டியை. விண்டோஸ் வழக்கமாக ஃபார்மட் செய்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் அது 7,86,432ஆவது கிளஸ்டரில் (பார்ட்டிஷனின் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் அலகு) தொடங்கும். 4 கேபி கிளஸ்டர் என்றால் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து சரியாக 3 ஜிபி தள்ளி. ஒரு ஃபைலுக்கு 1 கேபி என்று வைத்தால் இரண்டு லட்சம் ஃபைல்களுக்கு 200 மெகாபைட்தான். டி டிரைவின் தொடக்கத்திலிருந்து முதல் 5 ஜிபியை முதலில் எடுக்கச் சொன்னால் அட்டவணையின் பெரும்பகுதி வந்துவிடும். மைனஸ் ஐ தொடக்க இடம், மைனஸ் எஸ் அளவு. அட்டவணை கையில் இருந்தால் மற்ற மீட்பெல்லாம் பெயரோடு நடக்கும், இல்லாவிட்டால் பெயரற்ற குவியல்.

இமேஜ் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓர் உறையில் போட்டு எடுத்துவையுங்கள். ‘சும்மா மாட்டியே இருக்கட்டும்’ என்று விடாதீர்கள். 1 டெராபைட் லேப்டாப் டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுபவை. வெளியிலிருந்து யாரும் எதுவும் கேட்காத நேரத்தில் அவை உள்ளுக்குள் டேட்டாவை இடம் மாற்றி எழுதிக்கொண்டிருக்கும், அதாவது சும்மா இருப்பதும் அவற்றுக்கு வேலைதான். இந்த வகையில் பல டிஸ்க்குகள் எஸ்எஸ்டி போல, ‘இந்த இடம் இனி தேவையில்லை’ என்று சொல்லும் ட்ரிம் கட்டளையையும் ஏற்கின்றன. தவறுதலாக அழித்த ஃபைலையோ, குவிக் ஃபார்மட் செய்த பார்ட்டிஷனையோ அவற்றிலிருந்து எடுக்கப்போனால் வெறும் பூஜ்ஜியங்கள் வரலாம்.

இனி எல்லாம் இமேஜில், இப்போது விண்டோஸுக்கே திரும்பிவிடலாம். டிஎம்டிஇ அல்லது ஆர்-ஸ்டுடியோ என்ற மீட்புப் புரோகிராமில் இமேஜ் ஃபைலை ஒரு டிஸ்க் போலத் திறந்தால் பார்ட்டிஷன்கள் தெரியும். டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பில் ஒரு தடவைக்கு ஒரே ஃபோல்டரிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை ஃபைல்கள்தான் எடுக்க முடியும். டேலி ஃபோல்டருக்கு அதுவே போதும், புகைப்படங்களுக்குக் காசு கொடுப்பது நேரத்துக்கு லாபம். பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் இலவசமாகவே கண்டுபிடித்துக் காட்டும்; கண்டுபிடித்ததும் ‘எழுது’ என்பதைத் தொடாமல் ஃபைல்களைப் பட்டியலிட்டு காப்பி மட்டும் எடுங்கள்.

திறந்ததும் எல்லாமே அர்த்தமில்லாத பைட்களாக இருந்தால் விண்டோஸின் என்கிரிப்ஷனான பிட்லாக்கரைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் 10, 11 வந்த பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே அது தானாக இயங்கியிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. 48 இலக்க மீட்புச் சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் இருக்கும், வேறொரு கணினியிலிருந்து நுழைந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லாவிட்டால் எந்தக் கருவியும், எந்த லேபும் எதுவும் செய்ய முடியாது.

ஃபோல்டர் அமைப்பே கிடைக்கவில்லை என்றால் கடைசி வழி ஃபோட்டோரெக். அது அட்டவணையைப் பார்க்காமல், ஜேபெக் இப்படித் தொடங்கும், பிடிஎஃப் இப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து அள்ளும். பெயர் வராது, ஃபோல்டர் வராது, துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் வராது. புகைப்படங்களுக்குள்ளேயே எடுத்த தேதி பதிந்திருப்பதால் அவற்றைப் பிறகு அடுக்கிக்கொள்ளலாம். டேலிக்கு இது உதவாது. டேலியின் டேட்டா ஃபோல்டரில் ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும், அது முழுதாக, எல்லா ஃபைல்களோடும் வேண்டும். அது சேதமாகியிருந்தால் டிபிகே என்று தொடங்கும் பேக்கப் ஃபைல் எங்காவது இருக்கிறதா என்று மொத்த இமேஜிலும் தேடுங்கள். எப்போதோ யாரோ எடுத்துவைத்தது பல கடைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

ஃபைல் பெயர் வந்துவிட்டது என்பதால் உள்ளே நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். படிக்க முடியாத செக்டார்களின் இடத்தில் இமேஜில் பூஜ்ஜியம்தான் இருக்கும், எந்த ஃபைலுக்கு அடி விழுந்தது என்று வெளியே தெரியாது. இதற்கு டிடிரெஸ்க்யூவில் ஒரு அழகான வழி இருக்கிறது: ஃபில் மோட். இமேஜுக்கு இன்னொரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் மேப் ஃபைலின்படி கெட்ட இடங்களில் மட்டும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லலாம். பிறகு அதிலிருந்து ஃபைல்களை எடுத்து, எந்தெந்த ஃபைலுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால் அடிபட்டவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். பத்தாயிரம் புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். அடிபட்ட ஜேபெக் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகவோ நிறம் மாறியோ திறக்கும். எம்பி4 வீடியோவில் நடுவில் அடி என்றால் ஒரு நொடி தடுமாறிவிட்டு ஓடும், அதன் உள் அட்டவணையில் அடி என்றால் திறக்கவே திறக்காது. அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்துச் சரிசெய்யும் கருவிகள் இருக்கின்றன. வேர்ட், எக்ஸெல் ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப் என்பதால் ஒரு செக்டார் போனாலும் பிடிவாதம் பிடிக்கும், 7-ஜிப்பில் திறந்து உள்ளே இருப்பதைப் பிய்த்தெடுக்கலாம்.

லேப் என்று முடிவானால், போவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? டேட்டா வராவிட்டால் பணம் உண்டா? காசு கொடுக்கும் முன் மீண்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா? டிஸ்க்கைத் திறப்பதற்கு முன் உங்களிடம் சொல்வார்களா? ஹெட் மாற்ற, பாகம் எடுத்துக்கொள்ள அதே மாடலில் இன்னொரு ‘டோனர்’ டிஸ்க் தேவை, அந்தச் செலவு தொகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். தெருமுனைக் கடையில் ‘திறந்து பார்த்துச் சொல்கிறேன்’ என்றால் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் என்னென்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்பதை லேபில் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் மேப் ஃபைலையும் இமேஜையும் கூடவே கொடுங்கள். ஏற்கெனவே வந்த இடங்களை அவர்கள் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

எல்லாம் கிடைத்த பிறகு பழைய டிஸ்க்கை முழு ஃபார்மட் செய்தால் சி5 பூஜ்ஜியமாகிவிடும், மஞ்சள்கூட நீலமாகலாம். காத்திருந்த செக்டார்களின் மேல் புதிதாக எழுதியதில் டிஸ்க் அவற்றுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டது, அவ்வளவுதான். அதில் மறுபடி எதையும் வைக்காதீர்கள். வாரன்டி மிச்சமிருந்தால் மாற்றித் தருவார்கள், ஆனால் பழையதைத் திருப்பித் தர மாட்டார்கள். எனவே புகைப்படங்களைத் திறந்து பார்த்து, டேலியில் கம்பெனியைத் திறந்து கடைசி மாத வவுச்சர்கள் வரை இருக்கின்றனவா என்று சரிபார்த்து, இரண்டாவது நகலும் எடுத்த பிறகே அனுப்புங்கள்.